கதையை விடுங்க, அடியைப் பாருங்க

கோயில் நோம்பியில் வள்ளி கும்மி பார்க்க உட்கார்ந்திருப்பவர்கள் யாரும், வள்ளி கடைசியில் முருகனைக் கட்டிக்கொள்வாளா மாட்டாளா என்று பதைபதைத்துக்கொண்டிருப்பதில்லை. முடிவு எல்லோருக்கும் தெரியும். கால் எங்கே விழுகிறது, கை எங்கே சேர்கிறது, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பும்போது வரிசை உடைகிறதா, கண் அங்கேதான் இருக்கும். ஸ்டைலான பழிவாங்கும் சண்டைப் படமும் இதே ரகம்.

இது தெரியாமல் முதல் தடவை உட்காருகிறவர்கள் சொல்லும் குறை ஒன்றேதான்: “என்னங்க, சுட்டுட்டே இருக்கான், கதையே காணோம்.” கதை வேண்டுமென்றே ஒற்றை வரியில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒருத்தரிடமிருந்து ஒன்றைப் பறித்துவிட்டார்கள். அவர் கணக்குத் தீர்க்கக் கிளம்புகிறார். அவ்வளவுதான். அதில் மிச்சமாகிற நேரம், பணம், உழைப்பு எல்லாவற்றையும் இயக்குநர் அடியில் போடுகிறார். வார்த்தைக்கு வார்த்தை கதை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

எந்தப் படத்தில் ஆரம்பிப்பது

2014-இல் வந்த ஆங்கிலப் படம், ஜான் விக். வேறு யோசனையே வேண்டாம். ஓடும் நேரம் 101 நிமிடம். இரவுச் சாப்பாடு முடித்து உட்கார்ந்தால் பதினொரு மணிக்குள் படுத்துவிடலாம். கதை நேர்க்கோட்டில் போகும், முன்னும் பின்னும் தாவாது. தொழிலை விட்டு ஒதுங்கி அமைதியாக வாழும் ஒருத்தர், அவருடைய பழைய பெயரைக் கேட்டால் நடுங்கும் ஒரு கூட்டம். 1995-லேயே பாட்ஷா பார்த்துவிட்ட நமக்கு இந்த அமைப்பைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

இதன் அடுத்த பாகங்கள் 2017, 2019, 2023 என்று வந்தன. நான்கையும் ஒரே ராத்திரியில் பார்க்கலாம் என்று கூட்டாளிகள் கிளப்பிவிடுவார்கள். நான்கும் சேர்ந்தால் எட்டரை மணி நேரத்துக்கு மேல் வரும். நான்காம் பாகம் மட்டுமே 169 நிமிடம். மூன்றாவது படத்துக்கு வரும்போது கண் பார்க்கும், மூளை வாங்காது; எந்தச் சண்டை எந்தப் படத்தில் என்றே குழம்பிவிடும். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

யாரோடு, எப்போது

இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் ‘ஏ’ சான்றிதழோடு வரும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் வீட்டில் விழித்திருக்கும் நேரத்தில் போடாதீர்கள். ‘ஏ’ என்றாலே ஆபாசம் என்று நினைக்கும் பெரியவர்கள் இன்னமும் உண்டு. அவர்களிடம் 1951-இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த மர்மயோகியைச் சொல்லுங்கள். பேய் வரும் காட்சிகளுக்காக அந்தப் படமே ‘ஏ’ வாங்கியது. இங்கே ‘ஏ’ ரத்தத்துக்கு.

ஒறம்பரை வந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோதான நேரம் கிடையாது. அரிசிம்பருப்புச் சோறு தின்ற கிறக்கத்தில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் ‘இவன் யாரு, அவன் எதுக்கு ஓடறான்’ என்று கேட்பார்கள். மொத்தம் இரண்டு பேர் அல்லது மூன்று பேர், இரவு எட்டரை மணிக்கு மேல். ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கும் நாளாக இருந்தால் பகலில் போடும் திட்டத்தையே விட்டுவிடுங்கள். இன்வெர்ட்டரில் டிவி ஓடும், நெட் மோடம் அந்த லைனில் இருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தொலைக்காட்சிச் சேனலில் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது சோம்பேறி யோசனை. ‘ஏ’ படத்தை அப்படியே ஒளிபரப்ப முடியாது. வெட்டி, மறுபடி சான்றிதழ் வாங்கித்தான் போடுவார்கள். வெட்டு விழுவது எப்போதும் அடியின் நடுவில். கை ஓங்கும், அடுத்த நொடி ஆள் தரையில் கிடப்பான். எதைப் பார்க்க உட்கார்ந்தோமோ அது மட்டும் காணாமல் போயிருக்கும்.

டிவியைச் சரிபண்ணுவது

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். ‘படம் என்னமோ சீரியல் மாதிரி இருந்துச்சு’ என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு டிவியின் செட்டிங்கில்தான்.

முதலில் மோஷன் செட்டிங். சினிமா நொடிக்கு 24 படம் என்ற கணக்கில் எடுக்கப்படுகிறது. டிவி அதற்கு நடுவில் தானாகவே படங்களைக் கற்பித்துச் செருகி, அசைவை வழவழப்பாக்கும். கிரிக்கெட்டுக்கு அது நன்றாக இருக்கும். சண்டைக் காட்சிக்கு அது விஷம்: அடியின் வேகமும் கனமும் போய், மெகா சீரியலில் கைகலப்பு நடப்பதுபோல் தெரியும். எல்ஜியில் இதன் பெயர் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி. எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

அடுத்து பிக்சர் மோட். கடையில் வைத்திருந்தபடியே ‘விவிட்’ அல்லது ‘டைனமிக்’கில் பல வீடுகளில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். முகம் நீலம் பாய்ந்து, சிவப்பு கண்ணைக் குத்தும். ‘சினிமா’, ‘மூவி’, ‘ஃபிலிம்மேக்கர்’ இவற்றில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். முதல் ஐந்து நிமிடம் படம் மஞ்சளாக, மங்கலாகத் தெரியும், கண் பழகிவிடும். பழகும்வரை ரிமோட்டைத் தொடாதீர்கள். இருட்டுக் காட்சியில் கறுப்பு கோட்டும் கறுப்புச் சுவரும் ஒன்றாகக் கலந்து தெரிந்தால் பேக்லைட்டைக் கூட்டுங்கள். பிரைட்னஸைக் கூட்டினால் கறுப்பு சாம்பலாகி, இரவுக் காட்சியெல்லாம் பனி மூட்டமாகிவிடும். ட்யூப் லைட்டை அணையுங்கள். முழு இருட்டு பிடிக்காவிட்டால் டிவிக்குப் பின்பக்கம் ஒரு சின்ன பல்பு போதும்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். ‘படம் சின்னதா வருது’ என்று யாராவது ஜூம் பண்ணுவார்கள். கையைப் பிடித்துத் தடுங்கள். படத்தின் அகலம் உயரத்தைப் போல ஏறக்குறைய 2.4 மடங்கு, டிவியின் அகலம் 1.78 மடங்கு. ஜூம் பண்ணினால் இரண்டு ஓரமும் வெளியே போய்விடும். நல்ல சண்டை இயக்குநர் அடுத்து அடிக்கப் போகிறவனை ஓரத்திலிருந்துதான் உள்ளே அனுப்புவார்.

நம் பக்கத்து வீடுகளில் சோபா சுவரோரம், டிவி எதிர்ச் சுவரில், நடுவில் பத்துப் பன்னிரண்டு அடி இடைவெளி. 43 அங்குல டிவிக்கு ஐந்தரை அடி, 55 அங்குலத்துக்கு ஏழு அடி, அதற்கு மேல் தள்ளி உட்கார்ந்தால் விரல் அசைவு தெரியாது. பிளாஸ்டிக் சேரை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அழகு பார்க்க வேண்டாம்.

சத்தம் இன்னொரு தலைவலி. பேச்சு கிசுகிசுப்பாகவும் துப்பாக்கி இடியாகவும் வரும். பேச்சுக்காகக் கூட்டி, வெடிக்காகக் குறைத்து, கட்டை விரல் ரிமோட்டிலேயே இருக்கும். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பதாக இருந்தால், படத்தின் ஆடியோவில் 5.1-ஐ விட்டு ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். 5.1-இல் பேச்சுக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர் உண்டு. அது இல்லாத இடத்தில் பேச்சு அமுங்கும். டிவியிலோ சவுண்ட்பாரிலோ ‘நைட் மோட்’ இருந்தால் அதுவும் உதவும்.

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் பக்கத்துக் கட்டடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தால் நைட் மோடாலும் பயனில்லை. ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் ஒயர் வைத்தது. ப்ளூடூத் ஹெட்போனில் சத்தம் கொஞ்சம் பின்னால் வரும். பேச்சில் அது தெரியாமல் போகலாம், சண்டையில் மாட்டிக்கொள்ளும்: துப்பாக்கி முனையில் ஒளி முதலில், ‘டப்’ பிறகு. அப்படி வந்தால் செட்டிங்கில் ‘ஏவி சிங்க்’ என்று இருப்பதை நகர்த்தி, ஒளியும் சத்தமும் ஒன்றாக விழும்வரை சரிபண்ணலாம்.

போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஃபுல் ஹெச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேகம் நிலையாக வேண்டும்; மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். ஜான் விக் முடிய 5 ஜிபி ஆகலாம். தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி பேக்கில் முக்கியமான சண்டைக்கு முன்னால் சுழல ஆரம்பித்துவிடும். வைஃபை இருக்கும் இடத்தில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதே நல்லது.

தமிழிலா, ஆங்கிலத்திலா

மூலக் குரலில், எழுத்துகளோடு. சப்டைட்டில் படிக்கத் தெரியாது, அடி தவறிவிடும் என்று பயப்படத் தேவையில்லை. இந்தப் படத்தின் நாயகன் பேசுவதே குறைவு, சண்டையின்போது எழுத்து அநேகமாக வராது. தமிழ் டப்பிங் கிடைத்து, வீட்டில் பெரியவர்கள் உடன் உட்கார்ந்தால் அதையே போடுங்கள்; குடி முழுகிவிடாது. ஆனால் டப்பிங்கில் ஒரு ஆபத்து உண்டு: சும்மா இருக்கும் இடத்திலும் பஞ்ச் வசனம் செருகிவிடுவார்கள். இந்த ஆளின் பயங்கரம் அவருடைய மௌனத்தில் இருக்கிறது.

சில பேர் ரஷ்ய மொழியில் பேசுவார்கள். அந்த இடங்களில் படத்திலேயே எழுத்து வரும், சில சொற்கள் மட்டும் நிறம் மாறித் துருத்திக்கொண்டு நிற்கும். அது படத்தின் அலங்காரம், டிவியின் கோளாறு கிடையாது. உங்கள் சப்டைட்டிலும் அதன்மேல் வந்து விழுந்தால், அந்த நேரத்துக்கு மட்டும் உங்களுடையதை அணைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இருபத்தைந்து நிமிடம்

போனைக் கவிழ்த்து வையுங்கள். கடலைக்காய் உரிப்பதையும் தள்ளிவையுங்கள். ‘சண்டை வந்தா கூப்பிடு’ என்று அடுக்களைக்கோ வாசலுக்கோ போகிறவர்கள்தான் பிறகு வந்து ‘கதையே இல்லை’ என்கிறார்கள். கடனுக்கு முதல் எழுதப்படுவது இங்கேதான்; மீதி முக்கால் பங்கு படமும் வட்டி வசூல்.

மனைவியை இழந்த ஒருத்தர். அவள் சாகும் முன்பே ஏற்பாடு செய்து அனுப்பிவைத்த ஒரு நாய்க்குட்டி. 1969 மாடல் மஸ்டாங் கார். ஒரு பெட்ரோல் பங்க்கில் அந்தக் காரைப் பார்த்து விலை கேட்கும் ஒரு திமிர் பிடித்த பையன். கால் மணி நேரம் ஆகும்போது நாய்க்குட்டி செத்திருக்கும், கார் போயிருக்கும். நாய் வளர்க்கிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காட்டுவதைவிடக் கேட்க வைப்பதுதான் அதிகம், ஆனாலும் வெசனப்படுத்தும்.

இந்த இடத்தில் கட்டாயம் ஒரு கேள்வி வரும்.

“ஏம் மாப்ள, ஒரு நாய்க்குட்டிக்கா இத்தன பேர்த்த?”

“நாய்க்குட்டிக்கு இல்லீங் மாமா. அது அந்தம்மா கடைசியா குடுத்துட்டுப் போனது.”

இதற்கு மேல் விளக்க வேண்டாம். இன்னும் முணுமுணுத்தால், நம் ஊரில் உடுக்கடித்துப் பல இரவு பாடும் அண்ணன்மார் கதையை நினைவுபடுத்துங்கள். அத்தனை பெரிய கொம்பன் பன்றியை வீழ்த்த வீரர்களால் ஆகாமல், வேட்டைக்குக் கூட்டிப் போகாமல் விட்டுப்போன குட்டிப் பெட்டை நாய் வந்துதான் காரியம் ஆகிறது. நாயைச் சின்னதாக நினைத்தவன் படுகிற பாடு கொங்கு நாட்டுக்குத் தெரிந்ததே.

இதற்குப் பிறகு வரும் ஒரு தொலைபேசிப் பேச்சுதான் இந்த வகைப் படத்தை எப்படிப் பார்ப்பது என்று கற்றுத்தரும். கார் திருடிய பையனை ஒரு மெக்கானிக் கடை முதலாளி அறைந்து அனுப்பிவிடுகிறார். பையனின் அப்பா பெரிய தாதா. போன் பண்ணி, என் மகனை ஏன் அடித்தாய் என்று கேட்கிறார். ஜான் விக்கின் காரைத் திருடி, நாயையும் கொன்றுவிட்டான் என்று பதில் வருகிறது. தாதா சொல்வது ஒரே எழுத்து: ஓ. போனை வைத்துவிடுகிறார்.

அந்த ‘ஓ’வைத் தவறவிடாதீர்கள். மிரட்டலோ சபதமோ மழையில் நின்று கத்தலோ எதுவும் கிடையாது. எதற்கும் அஞ்சாத ஒருத்தரின் குரல் ஓர் எழுத்தில் இறங்குகிறது. வரப்போகிறவர் எப்பேர்ப்பட்டவர் என்பது நமக்குள் ஏறுகிறது. அப்பா தன் மகனை உட்காரவைத்து அந்தப் பெயரின் கதையைச் சொல்லும்போது, மறுபக்கம் அந்த ஆள் சம்மட்டியால் நிலவறைத் தளத்தின் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டிருப்பார். கீழே புதைத்து வைத்தது துப்பாக்கிகளும் பொற்காசுகளும். சொல் ஒரு பக்கம், அடி ஒரு பக்கம். கும்மியில் ஆசிரியர் பாட, காலடி பதில் சொல்வதுபோல.

சண்டையைப் பார்க்கும் விதம்

முதல் பெரிய சண்டை அவருடைய வீட்டுக்குள் நடக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் முகத்தையே பார்ப்பார்கள். நம் படங்கள் அப்படிப் பழக்கிவிட்டன. பார்வையை அரையடி கீழே இறக்குங்கள். தோள், இடுப்பு, மணிக்கட்டு. அவர் ஒரே முறையைத் திரும்பத் திரும்பச் செய்வது தெரிய ஆரம்பிக்கும்: பிடி, சாய்ப்பு, சுடு. எதிராளியின் கையைப் பிடித்து, ஜூடோவில் போடுவதுபோல் இடுப்பில் வைத்துத் தரையில் சாய்த்து, அவனை அமுக்கிக்கொண்டே தூரத்தில் வருகிறவனைச் சுட்டு, பிறகு கீழே கிடப்பவனை முடிப்பார். துப்பாக்கியைக் கையை நீட்டிப் பிடிக்காமல் நெஞ்சோடு ஒட்டி, சாய்த்துப் பிடிப்பார். குறுகலான நடையில் நீட்டிய கையை எவனும் தட்டிவிடலாம் என்பதுதான் காரணம்.

அடுத்த வேலை எண்ணுவது. ஒரு ஷாட், அதாவது நடுவில் வெட்டில்லாமல் ஓடும் ஒரு துண்டு, ஆரம்பித்ததும் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். வெட்டு விழுந்ததும் நிறுத்துங்கள். பல சண்டைப் படங்களில் இரண்டைத் தாண்டாது. நடிகருக்கு அடி வராது, டூப்பின் முகத்தைக் காட்டக் கூடாது, ஆகவே துண்டு துண்டாக வெட்டி, கேமராவை ஆட்டி ஒப்பேற்றுவார்கள். இங்கே எண்ணிக்கை நான்கு, ஆறு, சில இடத்தில் அதற்கு மேலும் போகும். கேமரா தள்ளி நின்று, தலை முதல் கால் வரை காட்டும். காரணம் எளிது. இயக்குநர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி ஸ்டண்ட்காரர். 1999-இல் வந்த மேட்ரிக்ஸ் படத்தில், இங்கே ஜான் விக்காக நடிக்கும் இதே கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர். ரீவ்ஸ் ஜூடோ, ஜியூ ஜிட்சு, துப்பாக்கிப் பயிற்சி எல்லாம் மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டு வந்தார். ஆட்டக்காரர் அடி தவறாமல் ஆடத் தெரிந்தவராக இருந்தால், பார்ப்பவரைத் தள்ளி உட்காரவைத்து முழு வரிசையையும் காட்டலாம்.

மூன்றாவது, துப்பாக்கியில் குண்டு தீரும். தீர்ந்த மேகசினை, அதாவது குண்டு அடைக்கும் கூட்டை, கீழே போட்டு, இடுப்பிலிருந்து அடுத்ததை எடுத்துச் செருகுவார்; அந்த ஒரு நொடி இடைவெளியில் எவனாவது மேலே பாய்வான். இரண்டு கையிலும் துப்பாக்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்காகச் சுட்டாலும் குண்டு தீராத படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சின்ன விஷயமே பெரிய ருசி. பதற்றத்தை உண்டாக்குவது பின்னணி இசையைவிட அந்தக் காலி மேகசின்தான்.

நான்காவது, உடம்பு. அவருக்கும் அடி விழும், காயம் ஆறாது, தையல் போடுவார்கள், நொண்டுவார். படம் போகப் போக நடை மாறுவதைக் கவனியுங்கள். இரண்டாம் பாகத்தில் குண்டு துளைக்காத கோட் வந்துவிடும். அங்கே ‘லாஜிக் எங்க’ என்று கேட்பதில் நியாயம் உண்டு. முதல் பாகத்தில் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள்.

வண்ணத்தையும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் நடப்பது சாம்பலும் நீலமுமாக, சாவு வீட்டு வெளிச்சத்தில். இரவு விடுதிச் சண்டையில் நீலமும் சிவப்பும் மாறி மாறி அடிக்கும். எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போனோம் என்பதை நிறமே சொல்லிவிடும், வழி தப்பாது. விவிட் மோடை அணைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

படம் முழுக்க ஒருமுறை முடிந்த பிறகு, அடுத்த நாள், அந்த இரவு விடுதிக் காட்சியை மட்டும் சத்தத்தை முழுதாக அணைத்துவிட்டுப் பாருங்கள். கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டியதெல்லாம் பேசாத படங்கள். பிறகு 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார், அந்தப் பெயரில் சாலையே இருக்கிறது. அந்த ஜனம் உதட்டை எதிர்பார்க்காமல் உடம்பைப் படித்தது. ஊமையாக ஓடவிட்டும் யார் எங்கே நிற்கிறான், யார் யாரை நோக்கிப் போகிறான், எவன் தப்பித்தான் என்று உங்களால் சொல்ல முடிந்தால் அது நன்றாக எடுத்த சண்டை. முடியாவிட்டால் சத்தத்தால் ஒப்பேற்றிய சண்டை. எந்தப் படத்துக்கும் இந்தச் சோதனையை வைக்கலாம். சில பெரிய ஹீரோக்களின் படங்களுக்கு வைக்காமல் இருப்பது நல்லது, மனசு விட்டுப்போகும்.

காசு, ஓட்டல், போலீஸ்

ஒரு பொற்காசு கொடுத்தால் ஓட்டலில் அறை, இன்னொன்று கொடுத்தால் வேறொரு வேலை. ஒரு காசு எத்தனை பவுன், இன்றைய விலைக்கு என்ன வரும் என்று கணக்குப் போட ஆரம்பிக்கிறவர் நம் பக்கம் ஒருத்தராவது இருப்பார். போட வேண்டாம். அது பணம் மாதிரி எண்ணுவதற்கில்லை, உறுப்பினர் அட்டை மாதிரி. கான்டினென்டல் என்ற அந்த ஓட்டலுக்குள் எவரும் எவரையும் கொல்லக் கூடாது. கதைக்குத் தேவையான சட்டம் அந்த ஒன்றுதான், அதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

வீட்டுச் சண்டை முடிந்ததும் ஒரு போலீஸ்காரர் கதவைத் தட்டுவார். பின்னால் பிணம் கிடப்பது தெரியும். மறுபடி தொழிலுக்கு வந்தாச்சா என்கிற தோரணையில் ஒரு கேள்வி, அவ்வளவுதான், போய்விடுவார். பிறகு நம் ஆள் போன் போட்டு, பன்னிரண்டு பேருக்குச் சாப்பாட்டு மேசை பதிவு செய்வதுபோலப் பேசுவார். சாப்பாட்டுக்கு அங்கே என்ன அர்த்தம் என்பது தரையைப் பார்த்தால் விளங்கும். யாரும் விளக்க மாட்டார்கள். பாஸ் பண்ணிவிட்டு நீங்களும் விளக்காதீர்கள்.

தியேட்டரில் பார்ப்பதாக இருந்தால்

அடுத்த பாகமோ மறுவெளியீடோ வந்து தியேட்டருக்குப் போனால், நடு வரிசைக்கு ஓரிரண்டு வரிசை பின்னால், மையத்தில் இடம் பிடியுங்கள். முன் வரிசையில் அகலத் திரையின் இரண்டு ஓரமும் ஒரே பார்வையில் சிக்காது. ஆங்கிலப் படத்துக்கு இடைவேளை கிடையாது. நம் தியேட்டரில் அவர்களாகவே ஓரிடத்தில் நிறுத்துவார்கள், அது சண்டையின் வாசலாகக்கூட இருக்கலாம். மணி அடித்ததும் பாப்கார்ன் வரிசையை விட்டு உள்ளே வந்துவிடுங்கள். ‘ஏ’ படத்துக்கு வயதுச் சான்று கேட்பார்கள். கைக்குழந்தையோடு போனாலும் திருப்பி அனுப்புவார்கள், வாசலில் சண்டை போட்டுப் பயனில்லை.

இதற்கு அடுத்தது

ஜான் விக் பிடித்திருந்தால் அடுத்து கில் பில். முதல் பாகம் 2003, இரண்டாவது 2004. 111 நிமிடமும் 137 நிமிடமும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு கதை. முதலாவதோடு நிறுத்தினால் பாதி இலையில் எழுந்த மாதிரி. இதில் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு நான்கு இடத்தில் இடறும், நான்கும் தெரிந்தே வைத்தவை.

காலம் வரிசையாகப் போகாது. பழிவாங்க வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று வரும். படத்தில் நாம் முதலில் பார்ப்பது இரண்டாம் பெயர்க்காரியின் சாவு. அப்போது பட்டியலைத் திறந்தால் முதல் பெயர் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருக்கும். அந்த ஒரு கணத்தைப் பிடித்துக்கொண்டால் முன்பின் குழப்பம் தீரும். நாயகியின் பெயரை யாராவது சொன்னால் முதல் பாகத்தில் ‘பீப்’ என்று சத்தம் வந்து மறைக்கும். சென்சார் வேலை என்று நினைத்துத் திட்டாதீர்கள். பெயரை ஒளித்து வைத்திருப்பது இயக்குநர் டாரன்டினோ. பெரிய வாள் சண்டையின் நடுவில் படம் திடீரென்று கறுப்பு வெள்ளைக்கு மாறும். ரிமோட்டைத் தேடாதீர்கள், ஹெச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றி மாட்டாதீர்கள். ரத்தம் அதிகம் என்பதால் அப்படி, ஜப்பானியப் பதிப்பில் அதே காட்சி வண்ணத்தில் இருக்கிறது. ஒரு பாத்திரத்தின் சிறுவயதுக் கொடுமை முழுவதும் கார்ட்டூனாக வரும். 2001-இல் ஆளவந்தானில் வன்முறை கார்ட்டூனாக மாறியதைப் பார்த்த கண்ணுக்கு அது பழகியதே.

நாயகி போட்டிருக்கும் மஞ்சள் உடை புரூஸ் லீயின் கடைசிப் படத்திலிருந்து வந்தது. இந்தப் படம் முழுக்க இப்படிப் பழைய ஜப்பானிய, சீன, இத்தாலியப் படங்களுக்கு வைத்த வணக்கங்கள் நிறைந்திருக்கின்றன. எதுவும் தெரியாவிட்டாலும் ஓடும். தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே வந்தால்தான் ஓடாது.

கொரியாவின் ஓல்ட்பாய், அதுவும் 2003, கடைசியாக. ஒரு நடையில் ஒருத்தர் சுத்தியலோடு ஒரு கும்பலை எதிர்க்கும் சண்டை, பக்கவாட்டில் நகரும் ஒரே ஷாட்டில் முடியும். எண்ணுகிற பழக்கம் வந்துவிட்டவர்கள் எண்ணி முடிப்பதற்குள் மூச்சு வாங்குவார்கள், படத்தில் இருப்பவர்களும் அப்படித்தான். ஆனால் அதில் கணக்குத் தீர்கிற விதம் வேறு, முடிவு வயிற்றைப் பிசையும். யூடியூபில் பத்து நிமிடத்தில் கதை சொல்லும் வீடியோ எதையும் முன்னால் பார்த்துவிடாதீர்கள். அதைப் போடும் ராத்திரி அப்பாரு, அமுச்சி, மாமனார் யாரும் கூடத்தில் இல்லை என்பதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.